உப்பைக் கரைத்தால் கடல் ஆகிவிடுமா?

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி. வடக்கே கொள்ளிடம். நடுவில் ஊர்.

இப்படி இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிற ஊரில், நல்ல தண்ணீர் கிடைக்காமல் இரண்டு மீன்கள் செத்துப் போயின.

நம்ப முடிகிறதா? ஆனால் நடந்தது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். பத்து வயது. "நிமோ" என்ற மீனைப் பற்றிய படத்தைப் பார்த்தவன். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் படம் உலகம் முழுவதும் குழந்தைகளின் மனதைக் கவர்ந்தது. ஆரஞ்சு உடம்பு, அதில் வெள்ளைப் பட்டை. அதுதான் கோமாளி மீன். அது கடல் மீன்.

பையன் அடம் பிடித்தான். அப்பா கண்ணாடித் தொட்டி வாங்கினார். மீன் இரண்டு வாங்கினார். அம்மா குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினார். சமையல் அறையில் இருந்த கல் உப்பை எடுத்து அதில் கரைத்தார். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கடல் தண்ணீர் போலவே கரித்தது. மீனை விட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு மீன்களும் மல்லாந்து மிதந்தன.

பையன் அழுதுகொண்டே என்னிடம் வந்தான்.

"கடையில் என்னடா சொன்னார்கள்?" என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணீரில்தான் வளரும் என்று சொன்னார் மாமா. நாங்களும் உப்புத்தானே போட்டோம்? கடலிலும் உப்புத் தண்ணீர்தானே மாமா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு படித்தேன். விசாரித்தேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனைப் போல எத்தனையோ வீடுகளில் குழந்தைகள் அழுதிருப்பார்கள் அல்லவா?

கடல் மீன் தண்ணீர் குடிக்கும்

முதலில் ஓர் அதிசயத்தைக் கேளுங்கள்.

ஆற்று மீன் தண்ணீர் குடிப்பது இல்லை என்றே சொல்லலாம். கடல் மீன் ஓயாமல் தண்ணீர் குடிக்கும்!

ஏன் தெரியுமா? கடல் தண்ணீரில் உள்ள உப்பு, மீனின் உடம்பில் உள்ள உப்பைவிட மிகவும் அதிகம். அதனால் மீனின் உடம்பில் உள்ள நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட மீன் கடல் தண்ணீரைக் குடிக்கிறது. வேண்டாத உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது.

ஆகவே கடல் மீனுக்குத் தண்ணீர் என்பது வெறும் வீடு அல்ல. அது மூச்சு. அதுவே குடிநீர். அதில் உள்ள நல்லது கெட்டது எல்லாம் அதன் உடம்புக்குள் போகிறது. நாம் கெட்ட தண்ணீரைக் குடித்தால் வைத்தியரிடம் ஓடுகிறோம். மீன் எங்கே ஓடும்? தொட்டியின் நான்கு சுவர்தான் அதற்கு உலகம்.

ஆகவே மீனை வாங்குவதற்கு முன்னால் தண்ணீரை வாங்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்தான்.

கடலில் இருப்பது என்ன?

ஒரு லிட்டர் கடல் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்து இருக்கின்றன. "உப்பு" என்று சொல்லவில்லை. "உப்புகள்" என்று சொல்கிறேன். கவனியுங்கள்.

அந்த 35 கிராமில் நாம் சமையலுக்குப் போடும் உப்பு சுமார் 27 கிராம்தான். மீதி 8 கிராம்? மக்னீசியம் இருக்கிறது. கால்சியம் என்ற சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பொட்டாசியம் இருக்கிறது. இன்னும் பல பொருள்கள் மிகச் சிறிய அளவில் இருக்கின்றன.

இந்த 8 கிராமில்தான் சூட்சுமம் இருக்கிறது. நத்தை ஓடு கட்டுவது கால்சியத்தால். பவளம் வளர்வதும் அதனால்தான். தண்ணீர் புளித்துப் போகாமல் காப்பதும் அதில் உள்ள சில உப்புகள்தான்.

அப்படியானால் கல் உப்பில் இவை ஏன் இல்லை? அதுவும் கடலில் இருந்து வந்ததுதானே?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேதாரண்யம் வரை போக வேண்டும்.

திருச்சியில் இருந்து வேதாரண்யம்

திருச்சிக்காரர்களுக்கு வேதாரண்யத்தின் பெயரைச் சொன்னாலே பெருமை வரும். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி, ராஜாஜியின் தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டில் இருந்து நடந்து புறப்பட்டார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். தடையை மீறி உப்பு அள்ளினார்கள். சிறை புகுந்தார்கள்.

அந்த உப்பு எப்படி விளைகிறது தெரியுமா?

கடல் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். வெயிலில் தண்ணீர் வற்றுகிறது. வற்ற வற்ற, சுண்ணாம்புச் சத்துதான் முதலில் அடியில் படியும். அதை விட்டுவிட்டு நீரை அடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள். அங்கேதான் வெள்ளை வெளேர் என்று உப்பு பூக்கிறது. அந்த உப்பை வாரிய பிறகு கொஞ்சம் நீர் மிச்சம் இருக்கும். அது கசக்கும். மக்னீசியம் எல்லாம் அந்தக் கசப்பு நீரில் இருக்கிறது. அதை வடித்துவிடுகிறார்கள்.

அதாவது, கால்சியம் முதல் பாத்தியில் நின்றுவிட்டது. மக்னீசியம் கசப்பு நீரோடு போய்விட்டது. நம் வீட்டுக்கு வருவது நடுவில் விளைந்த உப்பு மட்டும்தான்.

நமக்கு அது போதும். நல்லதும் கூட. கசப்பு இருந்தால் சாம்பாரில் போட முடியுமா? ஆனால் மீனுக்கு அது போதாது. கடலில் இருந்து உப்பு எடுக்கலாம். அந்த உப்பில் இருந்து மறுபடியும் கடலை எடுக்க முடியாது.

பாக்கெட்டில் விற்கும் தூள் உப்போ இன்னும் ஒரு படி மேலே. கட்டி பிடிக்காமல் இருப்பதற்காக அதில் வேறு மருந்தும் சேர்த்திருப்பார்கள்.

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

நாகப்பட்டினம் போய் அள்ளி வரலாமா?

"உப்பு வேண்டாம். கடல் தண்ணீரையே கொண்டு வந்துவிட்டால்?" என்று சிலர் கேட்பார்கள்.

திருச்சியில் இருந்து நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் 140, 150 கிலோமீட்டர். கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா சந்நிதிக்கும் போகிற குடும்பங்கள் ஏராளம். திரும்பி வரும்போது காரில் இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவந்தால் என்ன? செலவும் இல்லை அல்லவா?

செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் ஆபத்து உண்டு.

கரையோரத் தண்ணீர் கடல் தண்ணீர் ஆகாது. ஊர்ச் சாக்கடை கலக்கும் இடம் அது. படகுகளின் எண்ணெய் மிதக்கும் இடம் அது. காவிரியும் கொள்ளிடமும் அவற்றின் கிளைகளும் அந்தக் கரையில்தான் கடலில் சேருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் வெள்ளம் வந்து கலக்கும்போது கரையோரக் கடலில் உப்பு மிகவும் குறைந்துவிடும். சேறும் வயல் உரமும் கலந்திருக்கும். நேற்று இருந்த உப்பு இன்று இருக்காது.

இன்னொன்றும் உண்டு. கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைக் கேனில் அடைத்து வெயிலில் ஐந்து மணி நேரம் கொண்டு வந்தால் என்ன ஆகும்? அவை செத்து அழுகும். தண்ணீர் நாறும். விஷம் ஆகும். அந்தத் தண்ணீரோடு நோய்க் கிருமியும் வரலாம்.

கடல் தண்ணீரால் மீன் வளர்ப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். சென்னை மெரினாவில் 1909ஆம் ஆண்டில் மீன் காட்சிச்சாலை திறந்தார்கள். கடல் எதிரிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. பம்பாயில் கடலோரச் சாலையில் 1951ஆம் ஆண்டில் தாராபூர்வாலா மீன் காட்சிச்சாலை வந்தது. அங்கும் பக்கத்திலேயே கடல். மண்டபத்தில் மத்திய அரசின் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்கும் கடல் வாசலில்.

அவர்களிடம் குழாய் இருக்கிறது. மோட்டார் இருக்கிறது. வடிகட்டும் தொட்டி இருக்கிறது. படித்த ஆட்கள் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது இரண்டு கேன். அவர்களைப் பார்த்து நாம் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

ரயிலில் வந்த கடல்

கடல் இல்லாத ஊரில் கடல் மீன் வளர்த்தவர்கள் உண்டா? உண்டு. சுவையான கதை அது.

அமெரிக்காவில் சிகாகோ என்ற ஊர். திருச்சியைப் போலவே கடலுக்குத் தூரமான ஊர். பக்கத்தில் இருப்பது நல்ல தண்ணீர் ஏரி. அங்கே 1930ஆம் ஆண்டில் ஷெட் மீன் காட்சிச்சாலை என்ற பெரிய காட்சிச்சாலையைத் திறந்தார்கள். கடல் மீனுக்குத் தண்ணீர் வேண்டுமே! என்ன செய்தார்கள்?

நாட்டின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் என்ற கடற்கரை ஊரில் இருந்து ரயிலில் கொண்டுவந்தார்கள்! 20 டாங்கி வண்டிகள். எட்டு நடை. மொத்தம் 10 லட்சம் காலன் கடல் தண்ணீர். நம் கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர்.

ராஜாஜி உப்புக்காகக் கடலுக்கு நடந்த அதே ஆண்டில், சிகாகோவில் கடல் ரயில் ஏறி வந்தது!

இன்று அவர்கள் என்ன செய்கிறார்கள்? இன்று ரயில் இல்லை. பக்கத்து ஏரித் தண்ணீரில், கடலில் உள்ள உப்புகளை எல்லாம் அளவாகச் சேர்த்துச் செய்த கலவையைக் கரைக்கிறார்கள். கடல் தயார்.

இந்த யோசனை புதியது அல்ல. 1854ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் இதற்கு ஒரு கணக்கு எழுதி வைத்தார். சமையல் உப்பு, பேதி உப்பு, இன்னும் இரண்டு உப்புகள். ஆக நான்கு. சமையல் உப்பு மட்டும் போதாது என்று 170 ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கலவை இன்று பாக்கெட்டில் கிடைக்கிறது. "மரைன் சால்ட்" என்று கேட்டால் கடல் மீன் விற்கும் கடையில் தருவார்கள். கடலில் உள்ள மக்னீசியம், கால்சியம் எல்லாம் அதில் அளவோடு இருக்கும். திருச்சிக்காரர்களுக்கு இதுதான் வழி.

எந்தத் தண்ணீரில் கரைப்பது?

கலவை கிடைத்துவிட்டது. அதை எதில் கரைப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

குழாய்த் தண்ணீர்: நம் மாநகராட்சித் தண்ணீர் ஆற்று மணலில் ஊறி, கிணற்றில் எடுத்து வருவது. நமக்கு அது அமிர்தம். கிருமி வராமல் இருக்க அதில் குளோரின் கலக்கிறார்கள். அது நமக்கு நல்லது. மீனுக்கோ செவுள் வெந்துவிடும். வாளியில் திறந்து ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். ஆனால் மற்ற பொருள்கள் போகா. வயல் உரத்தில் இருந்து வரும் சத்துகள் இருந்தால், தொட்டி முழுவதும் பாசி பிடிக்கும். போதாக்குறைக்கு, ஆடிப் பெருக்கில் வரும் தண்ணீர் ஒரு மாதிரி, பங்குனியில் வரும் தண்ணீர் ஒரு மாதிரி.

போர்த் தண்ணீர்: இதற்கு ஏற்கெனவே ஒரு தனிக் குணம் உண்டு. ஒரு வீட்டில் சுண்ணாம்பு அதிகம். அடுத்த வீட்டில் இரும்பு. பாத்திரத்தில் வெள்ளைப் பூச்சு படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே உப்பு உள்ள தண்ணீரில் அளந்து செய்த கலவையைப் போட்டால் அளவு என்ன ஆகும்? கணக்கு கெட்டுவிடும்.

மழைத் தண்ணீர்: சுத்தமானது. ஆனால் மாடியில் உள்ள தூசியும், தகரத்தின் துருவும் சேர்ந்துவிடும். நம்ப முடியாது.

ஏ.சி. யந்திரத்தில் சொட்டும் தண்ணீர்: சுத்தமாகத் தோன்றும். ஏமாறாதீர்கள். அது செம்புக் குழாய்களின் மேல் வடிந்து வருவது. செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம்.

ஆர்.ஓ. தண்ணீர்: இதுதான் சரி. மெல்லிய சவ்வின் வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளும்போது, கரைந்த பொருள்கள் பெரும்பாலும் பின்னால் நின்றுவிடும். வருவது ஏறத்தாழ வெறும் தண்ணீர். எழுதாத வெள்ளைத் தாள் மாதிரி. அதில் நாம் கடலை எழுதலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கேனில் வருவது எல்லாம் அப்படிப்பட்ட தண்ணீர் அல்ல. ருசிக்காகக் கொஞ்சம் உப்புச் சத்தை விட்டு வைப்பார்கள். வீட்டு ஆர்.ஓ. யந்திரத்திலும் அப்படிக் கலக்கும் திருகு இருக்கும். ஆகவே டி.டி.எஸ். மீட்டர் என்ற பேனா போன்ற ஒரு சின்னக் கருவி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் முக்கினால், எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும். 10க்குக் கீழே காட்டினால் நல்லது. பூஜ்யம் காட்டினால் மிகவும் நல்லது.

"ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டர் வீணாகிறதே!" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். வாசல் தெளிக்கலாம். தரை துடைக்கலாம். சாக்கடையில் விடாதீர்கள். மேட்டூர் அணையைப் பார்த்து வாழ்கிறவர்கள் நாம்.

கடல் செய்வது எப்படி?

பிளாஸ்டிக் டிரம் எடுங்கள். பித்தளை அண்டா, செம்புத் தவலை கூடவே கூடாது. டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள். பிறகு உப்புக் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ ஆகும். சிறிய மோட்டார் போட்டு ஒரு நாள் சுழல விடுங்கள்.

பிறகு நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள்! ஹைட்ரோமீட்டர் என்ற கருவியை மிதக்க விடுங்கள். 1.023க்கும் 1.025க்கும் நடுவில் நின்றால் கடல் தயார்.

உடனே மீன் விடலாமா? கூடாது.

மீனின் கழிவில் அம்மோனியா என்ற விஷம் உண்டாகும். கடல் தண்ணீரில் அதன் வேகம் அதிகம். அதைத் தின்று ஒழிக்கும் நல்ல கிருமிகள் கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் தண்ணீர் மட்டும் ஓடட்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். 100 லிட்டர் தொட்டிக்கு வாரம் 10 லிட்டர்.

இன்னும் ஒன்று. திருச்சி வெயில் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் தொட்டித் தண்ணீர் நாள்தோறும் வற்றும். வற்றுவது தண்ணீர்தான். உப்பு வற்றாது. ஆகவே குறைந்ததை ஈடுகட்ட உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

யார் தண்ணீர் சுமப்பது?

இத்தனையும் படித்த பிறகு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். மீன் கேட்பது பிள்ளை. பணம் கொடுப்பது அப்பா. வாரா வாரம் தண்ணீர் சுமப்பது யார்? பெரும்பாலும் அம்மாதான். அவரைக் கேட்காமல் தொட்டி வாங்குவது என்ன நியாயம்? பிள்ளையும் அப்பாவும் வாளி தூக்கத் தயாரா? அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இது வெறும் பணச் சமாச்சாரம் அல்ல. கடல் மீன்களில் பல, பவளப் பாறையில் இருந்து பிடித்து வரப்படுபவை. நம் தமிழ்நாட்டிலேயே ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் சூழ்ந்த தீவுக்கூட்டம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டில் அதைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கடற்குதிரை, பவளம், கடல் அட்டை எல்லாம் 2001ஆம் ஆண்டு முதல் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றம். யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்து இருக்கிறார்கள். ஆகவே "இது வளர்த்த மீனா, பிடித்த மீனா?" என்று கேட்டு வாங்குங்கள். வளர்த்த மீன் தொட்டிக்குப் பழகியது. கடலுக்கும் நஷ்டம் இல்லை.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "எந்த மீன் வேண்டும்?" என்று கேட்பதற்கு முன்னால், "வீட்டில் என்ன தண்ணீர் இருக்கிறது?" என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் மீனைக் கொடுக்காதீர்கள். இன்று ஒரு வியாபாரம் போகும். உண்மைதான். ஆனால் மீன் செத்து மனம் நொந்தவர் மறுபடியும் உங்கள் கடைப் படி ஏறுவாரா? ஆர்.ஓ. தண்ணீரில் கலவை கரைத்து, அளந்து, கேனில் அடைத்து நீங்களே விற்கலாமே! அதிலும் லாபம் உண்டு. புண்ணியமும் உண்டு.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இவ்வளவும் செய்ய முடியாது என்று தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். கப்பி வளருங்கள். மோலி வளருங்கள். ஒரு நாள் வாளியில் வைத்த காவிரித் தண்ணீரே அவற்றுக்குப் போதும். காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குக் காவிரி தரும் சீதனம் அது. கடல் மீன்தான் அழகு என்று யார் சொன்னது?

அடுத்த வீட்டுப் பையன் என்ன செய்தான் தெரியுமா? இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு அவன் அம்மாவைப் பார்த்தான்.

"வாரா வாரம் நானே தண்ணீர் தூக்குகிறேன் அம்மா" என்றான். அம்மா சிரித்தார். "முதலில் ஆறு மாதம் கப்பி மீனுக்குத் தூக்கு. பிறகு பார்க்கலாம்" என்றார்.

இப்போது அந்தத் தொட்டியில் ஆறு கப்பி மீன்கள் இருக்கின்றன. வாசலில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் திறந்து வைத்திருக்கிறது. அதைத் தூக்குவது பையன்தான். இரண்டு வாரமாகப் பார்க்கிறேன், தவறவில்லை.

ஆறு மாதம் கழித்து அவன் கடல் மீன் கேட்டால், நானே மீட்டர் வாங்கிக் கொடுப்பதாகச் சொல்லி இருக்கிறேன்.